இசைத்தட்டுக்குப் பதிலாக நான்

என்னை ஒரு பிரேசில்காரப் பியானோ வித்துவானுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன். விற்கவில்லை, தத்துக் கொடுக்கவில்லை, மாற்றிவிட்டார்கள். அவருடைய இசைத்தட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆகவே நான் அவருடைய வீட்டுக்குப் போக வேண்டும். இதை வாசித்துச் சிரிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் வீதியில் குடியிருந்திருந்தால், என்னோடு சேர்ந்து அழுதிருப்பார்கள்.

எங்கள் வீதியில் கப்பலிலிருந்து எதுவும் சும்மா இறங்குவதில்லை. ஒன்று இறங்கினால் ஒன்று ஏறும். வாசனைச் சவர்க்காரத்துக்கு ஒரு குலை செவ்விளநீர். பேணியில் அடைத்த சீஸுக்கு ஒரு பொட்டலம் நெத்தலிக் கருவாடு. மூலை வீட்டு மனிசி மாரிகாலத்தில் போர்த்திக்கொண்டு திரிந்த கம்பளி, கதைக்கத் தெரிந்த ஒரு கிளிக்காக வந்தது. அந்தக் கிளி என்னென்ன கதைக்கும் என்பதைக் கப்பல்காரனுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. எதிர்வீட்டுச் சுவரில் கணீரென்று அடித்த மணிக்கூடு ஒரு காலத்தில் ஆடாக இருந்தது. அந்த ஆட்டுக்கு நானே குழை ஒடித்துப் போட்டிருக்கிறேன். ஆகவே உயிருள்ள ஒன்று கப்பலேறிப் போவதும், அதற்குப் பதிலாகச் சத்தம் போடுகிற ஒரு பொருள் கரைக்கு வருவதும் எனக்குப் புதினமல்ல.

இசைத்தட்டைக் கொண்டுவந்தவர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. அவர் எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்தில் லோஞ்ச் ஓட்டுகிற வேலை. நடுத்துறையில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்குவார். ஆனால் அந்த வருடங்களில் கப்பல்கள் வரவரக் குறைந்துகொண்டு போயின. லோஞ்ச் பாதி நாள் கட்டின இடத்திலேயே ஆடிக்கொண்டு கிடந்தது. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்த அப்பா, "நிரந்தரமா ஒரு வேலையைப் பாரும் காணும்" என்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து மாமாவுக்குப் புத்தி சொல்லுவார். மாமா, "பாக்கிறன் அத்தான், ஆனா அது என்னைப் பாக்குதில்லை" என்பார். எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லி மாமாவுக்குப் பழக்கமில்லை. எனக்கு வந்த ஆபத்தெல்லாம் அந்தப் பழக்கத்தால்தான் வந்தது.

பேக்கரியில் பாணுக்கு விடியுமுன்பே வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டுச் சாமான் என்றால் பென்சில்கூடக் கண்ணில் படாது. அப்படியான காலத்தில் ஒரு பின்னேரம் மாமா சேட்டுக்குள்ளிருந்து அந்த இசைத்தட்டின் பெரிய சதுர அட்டையை உருவி எடுத்தார். அட்டையில் ஒரு தாடிக்காரர் பியானோவுக்கு முன்னால் இருந்து பக்கவாட்டில் சிரித்தார். இரண்டு பெண்கள் வாயைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிதும் சிறிதுமாக மேளங்கள். மேளங்களுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஒருவரும் இல்லை. படம் எடுக்கிற நேரம் பார்த்து மேளக்காரர் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்க வேண்டும். அந்த மனிதர் தேத்தண்ணிக்குப் போகாமல் இருந்திருந்தால் என் சிறுவயது நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

எங்களிடம் ரெக்கோட் பெட்டி கிடையாது. பக்கத்து வீட்டுப் பறங்கி அங்கிளிடம் சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்குகிற ஒன்று இருந்தது. அவர் முன்பு டொக்யாட்டில் தச்சு வேலை செய்தவர், கலியாண வீடுகளில் வயலின் வாசிப்பவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். மாமா ஊசியை வைத்தார்.

முதலில் பியானோ, சுடுமணலில் வெறுங்காலோடு ஓடுகிறவன் மாதிரி தொட்டும் தொடாமலும் வந்தது. பிறகு அந்தப் பெண்கள். பக்கத்து அறையில் பிள்ளை நித்திரை, எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பாடினார்கள். சில பாட்டுகள் வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் கேட்ட அமெரிக்கப் பாட்டுகள்தான். ஆனால் அவற்றை யாரோ தோணியில் ஏற்றி ஆட்டிவிட்டிருந்தார்கள். அதற்குப் போசா நோவா என்று பெயர், பிரேசில் ஜாஸில் அமெரிக்கப் பாட்டை ஊறப்போட்டு எடுத்தவர் அந்தத் தாடிக்காரர் என்பதெல்லாம் எனக்கு நரை விழத் தொடங்கிய பிறகு தெரிந்த விஷயம்.

பறங்கி அங்கிள் காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு இருந்தார். போர்த்துக்கேயர் வழிவந்த அவர்கள், வீட்டுக்குள் ஒரு பழைய போர்த்துக்கேயம் பேசுவார்கள். திடீரென்று நிமிர்ந்து, "இதெங்கட பாஷையெல்லோ! நித்திரையால எழும்பினவன் கதைக்கிறமாதிரிக் கதைக்கிறாங்கள், ஆனா எங்கட பாஷைதான்" என்றார்.

"என்னவாம் சொல்லுறாள்?" என்று அம்மா கறிக் கரண்டியோடு குசினி வாசலில் நின்று கேட்டார்.

"ஜன்னலைத் திறக்கட்டாம்."

"இந்த நேரத்தில திறந்தா நுளம்பெல்லோ வரும்" என்றார் அம்மா.

அப்பாவுக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை. "பாட்டெண்டா ஒரு இடத்துக்குப் போகவேணும். இது நிண்ட இடத்தில நிண்டு அசையுது" என்றார். சொல்லும்போதே அவருடைய விரல்கள் கதிரைக் கையில் தட்டிக்கொண்டிருந்தன. அதை நான் கவனித்து வைத்தேன்.

நானும் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு வியாதி. சாப்பாட்டுக் கோப்பை, பள்ளிக்கூட மேசை, கோயில் வாங்குப் பலகை, முன்னால் இருப்பவனுடைய முதுகு எல்லாவற்றிலும் தட்டுவேன். பிரசங்க நேரத்தில் தட்டி, பாதிரியாரிடம் காதில் முறுக்கு வாங்கியிருக்கிறேன்.

"அது சரி தம்பி, இதுக்கு நீ என்னத்தைக் குடுத்தனி?" என்று அம்மா மாமாவைக் கேட்டார். எங்கள் வீதியில் அது நியாயமான கேள்வி.

மாமா நாடியை நீட்டி என்னைக் காட்டினார். "இவனைக் குடுத்தனான். அந்தாளுக்கு மேளம் தட்ட ஆள் இல்லையாம். அட்டையைப் பாருங்கோ அக்கா, ஸ்டூல் வெறுமையாக் கிடக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எதிர்வீட்டு மணிக்கூடு அந்த நேரம் பார்த்து அடித்தது. எனக்கு ஆடு ஞாபகம் வந்தது.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குப் பெருமைதான். மறுநாளே பள்ளிக்கூடத்தில் அறிவித்துவிட்டேன். போகிற மனிதனுக்கு இனி இதெல்லாம் எதற்கு என்று என் கண்ணாடிப் போளைகள் முழுவதையும், பூனைக்கண் போளை உட்பட, வகுப்பில் பக்கத்தில் இருக்கும் கிண்ணியா ஊர்க் கூட்டாளிக்குத் தானம் செய்தேன். அவன் போளைகளைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கதையைத் தொடங்கினான்.

"பிரேசிலுக்கா? டேய், அங்க பாம்பு ஆளை முழுசா முழுங்குமாம். எங்கட வாப்பா சொன்னவரு. சப்பாத்தை மட்டும் துப்பிடுமாம்."

"எனக்குச் சப்பாத்து இல்லையே."

"அப்ப ஒண்டும் மிஞ்சாது" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "அங்க சோறும் இல்லையாம். மரவள்ளிக் கிழங்குதானாம்" என்றான்.

பாம்பைவிட அதுதான் என்னைக் கலக்கியது. அரிசித் தட்டுப்பாட்டில் வீட்டில் காலையும் மாலையும் அதைத்தான் தின்றுகொண்டிருந்தோம். அதைத் தின்பதற்கு ஒருவன் பிரேசில் வரைக்கும் போக வேண்டுமா? போளையைத் திருப்பிக் கேட்டேன். "குடுத்தது குடுத்ததுதான்" என்றான் கூட்டாளி. அவனும் துறைமுகப் பக்கத்துப் பிள்ளைதானே, சட்டம் தெரிந்தவன்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தவை எல்லாம் என் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றின. நான் குசினிக்குள் நுழைந்தால் கதை நின்றுவிடும். "மழை வரும்போல கிடக்கு" என்பார் அம்மா. வெளியில் வெயில் தகரத்தை உருக்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் மாமா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போனார். ஸ்ரூடியோவில் முகத்தை நேராக வைத்து ஒரு படம் எடுத்தார். பிறகு என்னையும் பக்கத்தில் நிறுத்தி இன்னொன்று. அங்கிருந்து ஊசி போடுகிற இடம். மாமா சேட்டுக் கையைச் சுருட்டிக் காட்டினார். நேர்ஸ் அம்மா என்னைப் பார்த்து, "வந்த பெடியனுக்கும் ஒண்டு போட்டுவிடுவமே, ஊரெல்லாம் நோய் வருத்தம்" என்றார். மாமா, "ஓம், போடுங்கோ, இவனும் தூரப் பயணம் போறவன்" என்று கண்ணடித்தார். கண்ணடித்தது நேர்ஸுக்குத் தெரிந்தது. எனக்கு ஊசிதான் தெரிந்தது.

அலுமாரியில் ஒரு புது நீளக் காற்சட்டை வந்து தொங்கியது. எட்டிப் பிடித்து இடுப்பில் வைத்துப் பார்த்தேன். கால் இரண்டும் தரையில் பாம்பாக நீண்டு கிடந்தன. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிரேசில் தூரமல்லவா, போய்ச் சேர்வதற்குள் வளர்ந்துவிடுவேன் என்று கணக்குப் பார்த்துத் தைத்திருக்கிறார்கள். அம்மா மிளகாய்த்தூள் இடித்துப் போத்தலில் அடைத்தார், எள்ளுருண்டை பிடித்தார், ஒரு பைக்குள் செபமாலையை வைத்தார். இடிக்கும்போது கண்ணைத் துடைத்தார். மிளகாய்க் காரம் என்று சொன்னார். எள்ளுருண்டை பிடிக்கும்போதும் துடைத்தார். அதில் என்ன காரம்?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அந்த ஆளை வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கப்பல்காரர். தாடி. அட்டையில் இருந்தவருக்கும் தாடி, இவருக்கும் தாடி. எங்கள் வட்டாரத்தில் பாதிரியாரைத் தவிர வேறு தாடியே கிடையாது. ஆகவே இவர் பியானோக்காரருடைய சகோதரர், சரக்கைப் பார்த்துப் பொறுப்பெடுக்க வந்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். அவர் நண்டுக் கறியைத் தின்று கண்ணீர் விட்டார். விட்டுக்கொண்டே இன்னும் கேட்டார். மாமாவும் அவரும் துண்டு துண்டான ஆங்கிலத்தில் கதைத்தார்கள். இடையிடையே மாமா என்னைக் காட்டிச் சிரித்தார். அவர் எழும்பி வந்து என் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார். ஆட்டையும் அப்படித்தான் பிடித்துப் பார்த்தார்கள்.

சாப்பிட்டு முடிய இசைத்தட்டைப் போட்டார்கள். "டேய், தட்டிக் காட்டடா" என்றார் மாமா.

நான் கவிழ்த்து வைத்த வாளிக்கு முன்னால் போய் இருந்தேன். என் மூளையில் ஒரு திட்டம் மின்னியது. பிழையாகத் தட்டினால் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போய்விடுவார். பியானோ விழுகிற இடத்தில் தட்டாமல், அது விழுந்து முடிந்த பிறகு தட்டினேன். தட்ட வேண்டிய இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா இருந்தேன். ஒருவரும் எதிர்பாராத இடத்தில் ஒரு குத்துக் குத்தினேன். இவ்வளவு மனமறிந்து, இவ்வளவு கவனமாக நான் வேறெந்த வேலையையும் கெடுத்ததில்லை.

பறங்கி அங்கிள் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். "அப்பிடித்தான்டா! இப்பதான் பெடியன் பிடிச்சிருக்கிறான்! இவ்வளவு நாளும் பாண்ட் வாத்தியம் மாதிரியெல்லோ அடிச்சவன்!"

தாடிக்காரர் கை தட்டினார். பெருவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு ஒரு சொக்கிலேட்டும் தந்தார். அன்றைக்கு இந்தத் தாளத்துக்குள் பிழையாகத் தட்டுவதற்கே இடமில்லை என்று விளங்கிப்போனது. பிழைக்க வழியில்லாத மனிதனாக அந்தச் சொக்கிலேட்டை முழுவதும் தின்றேன்.

அந்த நாளும் வந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றார்கள். என்னைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, திருநாள் சேட்டுப் போட்டார்கள். அம்மா கோயில் சேலை உடுத்தினார். அப்பா கச்சேரிக்கு லீவு. கச்சேரிக்கு லீவு போடுவதென்றால் எங்கள் அப்பாவுக்குச் சாவு வீடாவது நடக்க வேண்டும். பறங்கி அங்கிள்கூடச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பை சைக்கிள் கரியரில் முன்னால் போனது. நாங்கள் பின்னால் போனோம். வழியில் எதிர்வீட்டு மனிசி, "நல்லபடியாப் போய்ச் சேரவேணும்" என்று சொல்லி என் தலையைத் தடவினார். ஆட்டைக் கொடுத்தவர் அவர். அவர் கை என் தலையில் பட்டதும் நான் குனிந்து விலகி நடந்தேன்.

படகுத்துறை ஜெட்டியில் லோஞ்ச் இரைந்துகொண்டு நின்றது. அன்றைக்கு அதை ஓட்டியது மாமா அல்ல, வேறொருவர். உள்ளே தாடிக்காரர். தூரத்தில், நடுத்துறையில், கப்பல். மாமா அந்த நீளக் காற்சட்டையைப் போட்டிருந்தார். புதுச் சப்பாத்தை யாராவது போட்டு இளக்கிக் கொடுப்பது மாதிரி, எனக்காகப் போட்டு இளக்குகிறார் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அவருடைய நல்ல மனதை மெச்சினேன். தாடிக்காரர் கைமணிக்கூட்டைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். மாமா திரும்பி, என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார்.

"வாடா."

நான் ஓடினேன், எதிர்ப் பக்கமாக. ஜெட்டியில் கயிறு கட்டுகிற இரும்புக் குற்றி ஒன்று நின்றது. அதைக் கையாலும் காலாலும் கட்டிப்பிடித்தேன். பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த இரும்பு. வயிறு தோசைபோலச் சுட்டது. விடவில்லை.

"நான் போகமாட்டன்! எனக்குத் தட்டத் தெரியாது! அண்டைக்குப் பிழையாத்தான் தட்டினனான்! அப்பாவை அனுப்புங்கோ! அப்பாவும் கதிரையில இருந்து தட்டுறவர்!"

மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அம்மா ஒரு காலை இழுத்தார், பறங்கி அங்கிள் மற்றக் காலை இழுத்தார். என்னை இழுத்தால் துறைமுகமே சேர்ந்து வரும் என்பதுபோல ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இவனுக்கு என்ன காணும் சொல்லி வச்சிருக்கிறீர்?" என்று மாமாவைக் கேட்டார்.

லோஞ்ச் ஓட்டுகிறவர், "கப்பலேணியைத் தூக்கிப்போட்டாங்களெண்டா பிறகு ஏறவும் ஏலாது, வேலையும் இல்லை! கெதியா வாங்கோ!" என்று கத்தினார். எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை பிறந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும். இறுக்கிப் பிடித்தேன்.

மாமா லோஞ்ச் பக்கம் பார்த்தார். பிறகு நடந்து வந்து என் முன்னால் குந்தினார். எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிற முகம். அன்றைக்கு உதட்டுக்குக் கீழே நாடி மட்டும் ஒரு மாதிரித் துடித்தது.

"சரியடா. நீ போகவேண்டாம். நான் அந்தாளோட கதைச்சுப்போட்டன். உனக்குப் பதிலா நான் போறன். சரியோ?"

"மெய்யாவோ?"

"மெய்யா."

நான் கப்பலைப் பார்த்தேன், தாடியைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"அப்ப போங்கோ" என்றேன்.

அம்மா என் வாயில் ஒரு தட்டுத் தட்டி, "போட்டு வாங்கோ எண்டு சொல்லடா!" என்றார். அதையும் சொன்னேன். குற்றியை விட்டேன். மாமா என்னைத் தூக்கி, எண்ணெய்த் தலையில் மூக்கை வைத்து ஒருதரம் இழுத்து மூச்சு விட்டார். இறக்கிவிட்டு லோஞ்சுக்குள் குதித்தார். அம்மா அப்பாவின் தோளில் சாய்ந்துவிட்டார்; வெளியில் வைத்து அப்படிச் செய்ததை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார். நான் மட்டும் ஜெட்டியின் நுனிவரை ஓடி, துள்ளித் துள்ளிக் கை காட்டினேன். அன்றைக்கு அந்த இடத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தவன் நான் ஒருவன்தான். மாமாவும் கை காட்டினார். லோஞ்ச் கப்பலின் நிழலுக்குள் போய் மறையும் வரைக்கும் கை காட்டினார்.

எனக்காகக் கப்பலேறிய அந்த மனிதரை நினைத்து, பாட்டுப் போடுகிற நேரமெல்லாம் நான் மரியாதையாக எழும்பி நின்றேன். அம்மா அறையை விட்டு வெளியே போய்விடுவார்.

நடந்தது இதுதான். வீட்டுக்கு வந்த தாடிக்காரர் அந்தக் கப்பலின் வயர்லெஸ்காரர். எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலையை மாமாவுக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர். இசைத்தட்டு அவர் சும்மா கொடுத்தது. அது எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே மாமா வேலைக்குக் கையெழுத்து வைத்துவிட்டார். பயணத்தை முதலே வெளியில் சொன்னால் கண்ணூறு பட்டுவிடும் என்று அம்மா எல்லோர் வாயையும் கட்டியிருந்தார். என் வாயைக் கட்ட ஏலாது என்பதால் எனக்குச் சொல்லவில்லை. கப்பல் தேயிலை ஏற்றிக்கொண்டு கராச்சிக்குப் போனது. மாமா பிறகு வேறு கப்பல் மாறி, வேறொரு தேசத்தில் இறங்கி, அங்கேயே இருந்துவிட்டார். திருகோணமலைக்குத் திரும்பி வரவில்லை.